மருத்துவமனைக் கணக்கா, உமிழ்நீர்ச் சோதனையா?

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபின் மக்கள் உடல்நலம் தேறியதா என்று அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று, மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களை எண்ணுவது. மற்றொன்று, புகைபிடிக்காதவர்களின் உமிழ்நீரில் கோட்டினின் அளவைப் பார்ப்பது. நிகோடின் உடலுக்குள் சிதைந்து உருவாகும் பொருள் அது.

முதல் வழி நெஞ்சைத் தொடுகிறது. எண்ணப்படுவது உயிர்கள் அல்லவா! ஆனால் சிறிய ஊர்களில் அது ஏமாற்றிவிடும். அமெரிக்காவின் ஹெலெனா நகரில் 2002இல் தடை இருந்த ஆறு மாதங்களில் மாரடைப்புச் சேர்க்கை 24; மற்ற ஆண்டுகளின் அதே மாதங்களில் சராசரி 40. வியக்கவைக்கும் சரிவுதான். எனினும் இவ்வளவு சிறிய எண்களில் தற்செயலுக்கும் பங்கிருக்கலாம். மாரடைப்பு ஏற்கெனவே குறைந்துவரும் நாட்டில், தடையின் பங்கைப் பிரித்தெடுப்பது இன்னும் கடினம். தடையில்லாத பக்கத்து ஊரோடு ஒப்பிடாத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

கோட்டினின் நோயைக் காட்டாது, சுவாசித்த புகையைத்தான் காட்டும். அதுவும் கடந்த சில நாட்களுக்கு மட்டுமே. ஆனால் அதில் மழுப்பலுக்கு இடமில்லை. ஸ்காட்லாந்தில் 2006 தடைக்குப்பின் புகைபிடிக்காத பெரியவர்களிடம் அது 39 சதவீதம் குறைந்தது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் கோட்டினினைத்தான் சொல்வேன்.