35 சதவீத எரிபொருள் சேமிப்பு: விளம்பரமும் பிரித்துப் பார்த்த கருவியும்

காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் இன்ஜின் பழுதைக் கண்டறியக் கருவி மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் போதும், பெட்ரோல் செலவு 35 சதவீதம் வரை குறையும் என்று கைப்பேசியில் ஓயாமல் வந்துகொண்டிருந்த விளம்பரத்தை நம்பி, அந்தக் கருவியை 799 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு வாரம் இருமுறை காரில் போய்வரும் எனக்கு அந்தச் சேமிப்பு பெரிய தொகை.

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தப் பச்சைப் பெட்டியைச் செருகியதும் விளக்குகள் மின்னின. 240 கிலோமீட்டர் ஓடி, ஓட்டுபவரின் பழக்கத்தைக் கற்றுக்கொண்ட பிறகே அது பலன் தரும் என்று உடன் வந்த சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். ஏமாற்று இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பலனை எதிர்பார்த்திருப்பவர் தம்மை அறியாமலே நிதானமாக ஓட்டத் தொடங்கிவிடுவார்.

அந்தத் தூரம் முடிந்தபின் திருநெல்வேலிக்குப் போன முதல் நாளில் மைலேஜ் கூடித்தான் தெரிந்தது. ஆனால் அது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வீசும் காற்று, போகும்போது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து மறிக்கும் என்பதை இந்தப் பாதையில் போய்வருகிறவர்கள் அறிவார்கள். ஆகவே ஒரே பங்க்கில் டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டு, போய்த் திரும்பி, அங்கேயே மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். கருவியோடு மூன்று முறை, இல்லாமல் மூன்று முறை பார்த்தும், லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்பது மாறவில்லை.

வடசேரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பெட்டியை நெம்பித் திறந்து, "இஞ்சினோட பேசுற லைனே இதுல இல்ல சாரே, கரண்டும் எர்த்தும் மட்டும்தான் வந்திருக்கு" என்றார். சாக்கெட்டின் 16 பின்களில், இன்ஜின் கணினியோடு தகவல் பரிமாறும் 6, 14 ஆகிய பின்கள் உள்ளே எதனோடும் இணைக்கப்படவில்லை. இணைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற அளவை ஆக்சிஜன் சென்சாரின் உதவியோடு அந்தக் கணினியே நொடிக்கு நொடி சரிசெய்துகொள்கிறது. 35 சதவீதத்தை மிச்சம்பிடிக்க அங்கே இடமே இல்லை.

விற்றவரின் எண் இப்போது இயங்கவில்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு என்பதால், விளம்பரப் படம், பில், கூரியர் உறை ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். போன வாரம் அதே பச்சைப் பெட்டி வேறொரு பெயரில், 599 ரூபாய்க்கு, மறுபடியும் என் கைப்பேசியில் வந்தது.