உழவுப் பாடல் தொகுப்பு: 35 ரிங்கிட்டுக்குத் தகுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பூசைச் சாமான் விற்கும் கடையொன்றில், தமிழகத்து உழவுப் பாடல்கள் அடங்கிய பென் டிரைவ், விளக்கக் கையேட்டுடன் 35 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. பாதித் தொகுப்பு விலைக்கு மேலேயே தகும். மீதிப் பாதி இல்லாமலே இருந்திருக்கலாம்.

இசைக்கருவி ஏதுமின்றி ஒற்றைக் குரலில் பதிவான ஏர்ப்பாட்டுகளே இதன் பலம். ஏரோட்டும் இளைஞன் ஒரு கையால் ஏரின் கைப்பிடியான மேழியை அழுத்தி, மறுகையில் மாட்டை ஓட்டும் தார்க்குச்சியோடு நடந்துகொண்டே பாடுவதால், அடிகளின் நீளத்தை மாட்டின் நடைதான் தீர்மானிக்கிறது; வரப்பருகே ஏரைத் திருப்பும்போது பாட்டு அறுந்து, மாட்டை அதட்டும் குரலாகி, அடுத்த உழவுச் சாலில் மீண்டும் இழுவையாகத் தொடங்குகிறது. இந்த அறுபடலைத் திருத்தாமல் விட்டவரைப் பாராட்ட வேண்டும். ஏற்றத்தில் நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டுகளிலும், இறைத்த நீர்ச்சால்களின் எண்ணிக்கையைப் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடும் முறை தெளிவாகக் கேட்கிறது.

கீபோர்டும் தாள இயந்திரமும் சேர்த்த பாடல்களோ எந்தத் திருமண மண்டபத்திலும் ஒலிக்கக்கூடிய துள்ளல் பாட்டுகளாகிவிட்டன. அந்த வேகத்தில் உழும் மாட்டை நான் கண்டதில்லை.

கையேடு ஏரின் உறுப்புகளான கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு ஆகியவற்றைப் படத்துடன் விளக்குகிறது. நம் முன்னோர் பலர் உழவு தெரிந்தே கப்பலேறினாலும், பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், அவர்கள் கைக்கு வந்தவை பால் வெட்டும் கத்தியும் வாளியும்தான் என்பதால், இந்தப் படங்கள் நமக்குத் தேவையானவையே.

ஆனால் உழுதவன் யார் என்பதைக் கையேடு நழுவவிடுகிறது. முன்னுரை முழுவதும் திருக்குறளின் உழவு அதிகாரமும் கம்பரின் ஏரெழுபதும்தான். காவிரிப் படுகையில் ஏர் பிடித்தவர்களில் பலர் சொந்த நிலமற்ற பண்ணையாட்கள். தஞ்சை மாவட்டத்தில் அவர்களுக்கென்று பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். கூலி நெல் அளப்பதில் நடக்கும் கள்ளத்தை எள்ளும் பாடல் ஒன்று இதே தொகுப்பில் இருந்தும், அதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. வேலை வாங்கும் கங்காணியையும் தோட்ட எழுத்தரான கிராணியையும் கேலி செய்யும் தோட்டப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு உடனே பிடிபடும். விளக்கம் வேண்டியது அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு.

வாங்குவோர் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்வது நல்லது. எனக்குக் கிடைத்ததில் சில பாடல்கள் திறக்கவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.