தகட்டுக்கு எண்ணெய்: நிலைமின் பிளேடா, சுழலும் தட்டா?

தகட்டை அழுத்திப் பாகமாக்கும் பிரஸ்ஸுக்குப் போகும் இரும்புத் தகட்டில் எண்ணெய் பூசும் கருவியை மாற்ற வேண்டி வந்தபோது, கடைசியில் இரண்டு வழிகள்தான் மிஞ்சின. ஏற்கெனவே இருந்த நிலைமின் பிளேடுக்குப் பதிலாக அதே வகையில் புதிதாக வாங்குவது ஒன்று, சுழலும் தட்டுக்கு மாறுவது இன்னொன்று. நாங்கள் தட்டுக்கு மாறினோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு படியுங்கள்.

ரோலரையும் காற்றோடு அடிக்கும் ஸ்ப்ரேயையும் ஏன் விட்டோம் என்று நீட்ட வேண்டாம். ரோலர் தகட்டைத் தொடும், தொட்டால் கீறலும் வரும். காற்று ஸ்ப்ரே அடித்த இடத்தில் பக்கத்து மெஷினுக்கும் சேர்த்தே எண்ணெய் பூசிவிடும்.

பூச வேண்டிய அளவு எவ்வளவு சின்னது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சதுர மீட்டருக்கு 1 கிராம். எண்ணெயின் அடர்த்தியை 0.9 என்று வைத்தால் படலத்தின் தடிமன் 1.1 மைக்ரான். 1 மீட்டர் அகலத் தகடு நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடினால், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடத்தில் 67 மில்லிலிட்டர் போதும். அரை டம்ளர்கூட வராத எண்ணெயை 60 சதுர மீட்டருக்குச் சமமாகப் பரப்ப வேண்டும்.

பிளேடு அதைச் செய்யும் விதம் பார்க்க அழகு. மெல்லிய பிளவு வழியாக எண்ணெய் விளிம்புக்கு வரும். விளிம்பில் பல பத்தாயிரம் வோல்ட், எதிரே எர்த் செய்த தகடு. மின்புலம் எண்ணெயை நூல் நூலாக இழுக்கும், நூல் துளியாக உடையும். எல்லாத் துளிக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே போய்த் தகட்டில் ஒட்டும். சேதாரம் மிகக் குறைவு, எண்ணெய் பரவும் சீரும் அருமை. இந்த இரண்டிலும் தட்டு அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

தட்டின் கதை எளிது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 17 மீட்டர். அங்கே மையவிலக்கு, புவியீர்ப்பைப் போல 700 மடங்கு. எண்ணெய் தெறிக்காமல் என்ன செய்யும்? நாலா பக்கமும் தெறிப்பதால் சுற்றி ஓர் உறை, உறையில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேரே வருவது தகட்டுக்குப் போகும், மற்றது உறையில் வழிந்து தொட்டிக்குத் திரும்பும். இப்படித் தகட்டின் அகலத்துக்கு ஏற்பப் பல தட்டுகள். இரண்டு தட்டின் வீச்சு சேரும் இடத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் தகடுகளை அடுக்கி வைத்தால் அந்தப் பாரத்திலேயே எண்ணெய் பரவிக்கொள்கிறது.

சரி, சீரில் தோற்றதை ஏன் வாங்கினோம்? பராமரிப்புக்காக.

பிளேடைத் தாங்கும் இன்சுலேட்டர்மேல் எண்ணெய்ப் புகையும் தூசியும் படியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தப் படிவின் வழியே மின்சாரம் கசியும். ஈரப்பதம் ஏறிய நாள்களில் மீட்டர் முள் மெல்ல ஏறும், அப்புறம் 'டப்' என்று டிரிப். துடைக்கப் போவதற்குமுன் சப்ளையைப் பூட்டி, எர்த் கம்பியால் தொட்டு மிச்ச மின்னூட்டத்தை இறக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வராமல் யாரும் கை வைக்க முடியாது. இரவு ஷிஃப்டில் அவரைத் தேடுவதே தனி வேலை.

தகடு சுருளாகத்தான் வரும்; அந்தச் சுருளின் கடைசி வால் துள்ளும்போது இன்னொரு தொல்லை. சீரான மின்புலத்தில் காற்று மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் வரை தாங்கும். பிளேடு கூர்மையானது, அங்கே அந்தக் கணக்கு செல்லாது, இன்னும் தூரத்திலிருந்தே பொறி பாயும். பொறி பாய்ந்தால் டிரிப், அதற்குள் கடந்துபோன தகடெல்லாம் வறட்டுத் தகடு.

எங்களைக் கடைசியாகத் தள்ளியது எண்ணெய் மாற்றம். புது எண்ணெயின் பிசுக்கு பழையதைப் போலத்தான், துருத் தடுப்பும் குறைவில்லை. பிளேடில் ஊற்றினால் நூலாக இழுபடாமல் விளிம்பிலிருந்து கொழகொழவென்று சொட்டியது. மின்தடை வேறு, அவ்வளவுதான். பிளேடுக்கு எண்ணெயின் மின்தடை ஒரு வரம்புக்குள் இருந்தாக வேண்டும். தண்ணீர் கலந்த திரவம் என்றால் அது மின்சாரத்தை எர்த்துக்கே கொண்டுபோய்விடும், பேச்சே இல்லை. தட்டுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. ஊற்றியதை எறியும்.

தட்டைக் கழற்றிக் கழுவ ஒரு ஃபிட்டரும் ஒரு ஸ்பேனரும் போதும். ஆனால் திரும்பி வரும் எண்ணெயோடு இரும்புத் துகளும் வருவதால், ஃபில்டரை மறந்தால் தண்டனை உண்டு. ஒருமுறை, தகட்டைக் கிண்ணம்போல் ஆழமாக இழுத்துச் செய்யும் பாகம் ஒன்று எப்போதும் ஒரே பக்கத்தில் வெடித்தது. இரண்டு நாள் பிரஸ்ஸின் அச்சை, அதாவது டையைத்தான் சந்தேகப்பட்டோம். பிறகு ஒருவர் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். பளபளப்புக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் மங்கலான ஒரு பட்டை, தகட்டின் நீளத்துக்கும் ஓடியது. ஒரு தட்டுக்குப் போகும் வழி அடைத்திருந்தது.

எங்கள் லைன் நின்று நின்று ஓடுவது, எண்ணெயும் அடிக்கடி மாறும், அதனால் எங்களுக்குத் தட்டு சரி. ஆனால் டப்பா செய்யும் வெள்ளீயம் பூசிய தகடான டின்பிளேட்டில் சதுர மீட்டருக்குச் சில மில்லிகிராம்தான் பூசுவார்கள். அந்த அளவுக்கு நான் பிளேடைத்தான் நம்புவேன், தட்டை அங்கே ஓட்டிப் பார்த்ததில்லை. தட்டின் பேரிங் பற்றியும் இரண்டு வருட அனுபவத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்போது ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு தகட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் நேரே 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டு வெட்டுகிறோம். எடை போட்டு, கரைப்பானில் கழுவி, காயவைத்து மறுபடி எடை. இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லிகிராம் குறைய வேண்டும். நான்காவது துண்டில் 12தான் குறைந்தது என்றால், நான்காவது தட்டின் ஃபில்டரைக் கழற்றிவிட்டுத்தான் பிரஸ்ஸை ஓட்டுவோம்.