முதுகில் பையோடு சுட முடியுமா? இரண்டு சீசன் சுமந்த எல்க் வேட்டைப் பை

சுட்ட எல்க் மானின் இறைச்சியை முதுகில் சுமந்து வரும் வேட்டைப் பை வாங்கக் கடைக்குப் போனால் எல்லாரும் செய்வது ஒன்றுதான். உள்ளே இருபது கிலோ மணல் மூட்டையைப் போட்டு, மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே நாலு சுற்று நடந்து பார்ப்பது. நானும் அப்படிப் பார்த்துத்தான் 600 டாலருக்கு மேல் கொடுத்து இதை வாங்கினேன். சுமை தூக்குவதில் இன்றுவரை ஒரு குறை இல்லை. ஆனால் பையை மாட்டியபடியே துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்க்க முடிகிறதா, படுத்தால் தலையை நிமிர்த்த முடிகிறதா என்று அந்தக் கடையில் யாரும் சொல்லவுமில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேட்டையில் எண்ணி நாலைந்து நொடிதான் வாய்ப்பு கிடைக்கும், அந்த நாலைந்து நொடியிலும் பை முதுகில்தான் இருக்கும்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. முதுகோடு நிற்கும் உயரமான சட்டம் (ஃபிரேம்), அதிலிருந்து கழற்றி மாட்டும் பை, இரண்டுக்கும் நடுவில் இறைச்சி வைக்க இடம் என்று அமெரிக்க மேற்கு மலைகளுக்காகத் தைக்கப்படும் பைகளில் பெரும்பாலானவை ஒரே அமைப்புதான். அதனால் இங்கே சொல்வது அவற்றில் எதை வாங்கினாலும் உங்களுக்கு உதவும்.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை என்பதே குற்றம் என்றுதான் வளர்ந்திருப்போம், ஆகவே இரண்டு வரி. கொலராடோ மாநிலத்தில் இருப்பதுபோல் அவ்வளவு எல்க் மான்கள் அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இல்லை. மாநில வனவிலங்குத் துறையே உரிமம் விற்கிறது, அந்தப் பணத்தில்தான் துறையின் வேலைகள் பெரும்பாலும் நடக்கின்றன. 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த அட்டை இல்லாமல் பொதுவாக உரிமம் வாங்க முடியாது. நான் போவது ஃபிளாட் டாப்ஸ் மலைக்காடு, அக்டோபர் கடைசியில், பத்தாயிரம் அடி உயரத்தில்.

முதல் சீசன், மூன்றாம் நாள் காலை. ஸ்ப்ரூஸ் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஓர் ஆண் எல்க், 150 கஜம் இருக்கலாம், தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. நின்றால் பார்த்துவிடும். பையைக் கழற்ற நேரமில்லை என்று நினைத்து அப்படியே குப்புறப் படுத்தேன். படுத்த உடனே சட்டத்தின் மேல் விளிம்பு பின்மண்டையில் இடித்து, ஆரஞ்சு தொப்பியை முன்னால் தள்ளி, தொப்பியின் விளிம்பு கண்ணை மூடிவிட்டது. ஒரு கையால் அதை மேலே தள்ளிவிட்டு ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் மாட்டிய தொலைநோக்கி) பார்க்கக் கழுத்தைத் தூக்கினால் கழுத்து ஏறவே இல்லை, பை அழுத்திப் பிடித்திருக்கிறது. இங்கே பெரும்பாலான பகுதிகளில் சுடுகிற ஆண் எல்க்குக்கு ஒரு பக்கக் கொம்பில் நாலு கிளையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் நெற்றிப் பக்கத்துக் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். கிளையை எண்ணாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. எண்ண எனக்கு முடியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நண்பன் "ஏன்டா, என்ன ஆச்சு?" என்று கிசுகிசுக்கிறான், அதற்குள் அது நிதானமாக நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. அன்று ராத்திரி கூடாரத்தில் படுத்தும் தூக்கம் வரவில்லை, வருஷம் முழுக்கக் காத்திருந்து வந்த இடம் அது.

இது தையல் தவறு இல்லை, அமைப்பிலேயே இருக்கிற முரண். பையைத் தோளில் மாட்டும் பட்டையின் மேலிருந்து சட்டத்தின் உச்சிக்கு ஒரு சின்ன வார் போகும். அது சாய்வாக மேல்நோக்கி இழுத்தால்தான் சுமை தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். அதற்காகவே சட்டம் தோளைத் தாண்டி மேலே நிற்க வேண்டும். எல்க்கின் எலும்போடு கூடிய ஒரு பின்தொடையே 25 கிலோவுக்கு மேல் வரும், அதைக் குட்டையான சட்டத்தில் சுமந்தால் தோள் நொறுங்கிவிடும். ஆக, சுமக்க வசதியாக இருக்கிற அதே உயரம் படுத்தால் மண்டையில் இடிக்கிறது. 24 அங்குலம், 26 அங்குலம் என்று இரண்டு உயரத்தில் சட்டம் கிடைத்தால், உங்கள் முதுகு நீளத்துக்குச் சின்னது போதுமா என்று முதலில் பாருங்கள். நான் விற்பனையாளர் சொன்னதை நம்பிப் பெரியதை எடுத்தேன், என் உயரத்துக்குச் சின்னதே போதும்.

நின்று சுடும்போது சிக்கல் வேறு. துப்பாக்கிக் கட்டை உட்கார வேண்டிய தோள்குழியில் ஏற்கெனவே ஒரு பட்டை உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பையின் பட்டை நல்ல பஞ்சு வைத்துத் தைத்தது, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். அதன் மேல் கட்டையை வைத்தால் துப்பாக்கி அவ்வளவு தூரம் முன்னால் போகிறது, கண் ஸ்கோப்பை விட்டுத் தள்ளிப் போகிறது, படத்தைச் சுற்றிக் கருவளையம் விழுகிறது. உள்ளே குளிர் ஜாக்கெட்டும் இருந்தால் இன்னும் மோசம். பட்டைத் துணி வழவழப்பாக வேறு இருப்பதால் கட்டை வழுக்குகிறது. இதற்கு நான் கண்ட வழி: மார்புக் கொக்கியைத் திறந்துவிட்டு, வலது பட்டையைக் கை பக்கமாக ஒதுக்கி, பட்டைக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் கட்டையை வைப்பது. ஒரு நொடி வேலைதான், ஆனால் பழகியிருக்க வேண்டும். வீட்டில், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு தினம் இருபது தடவை செய்து பார்த்தேன். பத்தாவது நாள் கை தானாகப் போனது.

இந்தப் பை என்னை ஆச்சரியப்படுத்தியது உட்கார்ந்து சுடும்போது. சரிவில் கீழே பார்த்து உட்காருங்கள், பை நிறைந்திருந்தால் அதன் அடிப்பகுதி பின்னால் மேட்டுத் தரையில் ஊன்றிக்கொள்ளும். நாற்காலியில் சாய்ந்த மாதிரி முதுகு நிற்கிறது. முழங்கைகளை முழங்கால்களுக்குள் வைத்தால் ஆட்டம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மூச்சு வாங்கும் உயரத்தில் இது பெரிய உதவி. இரண்டாம் சீசனில் நான் சுட்டது இப்படித்தான், 180 கஜம், பை முதுகில், ஒரே தோட்டா.

நேரம் இருந்தால் கழற்றுவதுதான் எப்போதும் மேல், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இடுப்புக் கொக்கி, மார்புக் கொக்கி, ஒரு பக்கம் தோளைச் சாய்த்தால் பை முன்னால் வந்துவிடும். எனக்கு ஐந்து நொடி ஆகிறது. கீழே போடும்போது சட்டம் தரையிலும் பை மேலேயும் இருக்கட்டும், துப்பாக்கியின் முன்கட்டையை அதன் மேல் வையுங்கள். குழலை வைக்காதீர்கள், குழல் எதிலாவது அழுந்தினால் தோட்டா விழும் இடம் மாறும். கொக்கிகள் குளிரில் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் போடுகின்றன. உள்ளங்கையால் மூடிக்கொண்டு திறந்தால் பரவாயில்லை.

நடக்கும்போது துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டால் பட்டை மேல் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும், கையால் பிடித்தபடியே நடக்க வேண்டும். கிஃபாரு கம்பெனியின் கன்பேரர் என்ற இணைப்பை வாங்கி மாட்டினேன். கட்டையின் அடி இடுப்புப் பக்கத்தில் ஒரு கிண்ணம் போன்ற பையில் நிற்கும், மேலே ஒரு வார் தோளருகே பிடிக்கும். இரண்டு கையும் ஊன்றுகோலுக்குக் கிடைக்கிறது, துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இதற்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஆனால் சேம்பரில் (சுடுவதற்குத் தோட்டா ஏறி உட்காரும் அறை) தோட்டா வைத்து நடக்காதீர்கள்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்கோ அணிய வேண்டும், தொப்பியும் அதே நிறம். பையை மாட்டினால் முதுகுப் பக்கத்து ஆரஞ்சு முழுக்க மறைந்துபோகிறது. இந்தப் பை காவி கலந்த பழுப்பு, பின்னாலிருந்து பார்த்தால் எல்க்கின் நிறமேதான். என் மனைவி பார்த்துவிட்டுப் பயந்துபோய் அன்றே ஓர் ஆரஞ்சு உறை வாங்கச் சொன்னாள். பையோடு சேர்த்தே அதை வாங்கிவிடுங்கள்.

சுமப்பதற்கு இதைவிட நல்ல பை நான் மாட்டியதில்லை, நாலு நடையில் முழு எல்க்கையும் வண்டிக்குக் கொண்டுவந்தேன், தோளில் ஒரு காயம் இல்லை. திரும்ப வாங்குவேனா என்றால் வாங்குவேன், சின்னச் சட்டத்தில், என் துப்பாக்கியைக் காலியாகக் கடைக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டு, தரையில் படுத்துப் பார்த்த பிறகு. அப்புறம், இறைச்சி வைத்த இடத்தில் ரத்தக் கறை படிந்தால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேயுங்கள், போய்விடும். வெந்நீர் ஊற்றினால் கறை அப்படியே தங்கிவிடும்.