'அனலாக்' என்று விற்ற டிலே பெடல்: கிட்டார்காரர்கள் கவனத்துக்கு

மதுரையில் மாசி வீதிகளுக்குள் இருக்கும் ஒரு கடை. அங்கே 7,800 ரூபாய்க்கு விற்ற டிலே பெடல் (மீட்டிய ஒலியைச் சற்றுத் தாமதித்து எக்கோவாகத் திருப்பித் தரும் பெட்டி, காலால் மிதித்து இயக்குவது) ஒன்று மூன்றே நாளில் செத்து சர்வீஸ் மேசைக்கு வந்தது. வாங்கியவர் திருமங்கலம் பக்கம் கோயில் கச்சேரிகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற பையன். டப்பாவின் மேல் 'அனலாக் டிலே, 600 மில்லிசெகண்ட்' என்று ஸ்டிக்கர். கடைக்காரர் வாயால் சொன்னது, “பக்கா அனலாக் தம்பி, உள்ள ஜப்பான் ஐசி.” கூடவே 350 ரூபாய்க்கு ஒரு அடாப்டரையும் தலையில் கட்டியிருக்கிறார். செத்த பெடலைத் திரும்பக் கொண்டுபோனபோது பேச்சு மாறிவிட்டது: “ஐசி போயிருச்சு, 2,500 ஆகும். நீங்கதான் வேற அடாப்டர் சொருகியிருப்பீங்க.”

கடையின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். இதே சரக்கு வேறு வேறு பெயர் ஒட்டி இன்னும் விற்பனைக்கு நிற்கிறது.

முதலில் பெடல் ஏன் செத்தது என்று பார்ப்போம். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, நடு முள் நெகடிவ், வெளி வளையம் பாசிடிவ். பாஸ் (Boss) கம்பெனி பெடல்களும் அப்படித்தான். கடைக்காரர் கொடுத்த அடாப்டரில் நடு முள் பாசிடிவ். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பிளக்கின் உள்ளேயும் கறுப்பை வெளியேயும் வைத்தால் மைனஸ் 9 காட்ட வேண்டும். இது பிளஸ் 13.6 காட்டியது! மேலே 9 வோல்ட் என்று அச்சடித்திருந்தாலும், ரெகுலேட்டர் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் லோடு இல்லாதபோது இப்படித்தான் ஏறி நிற்கும்.

தலைகீழ் கரண்ட் வந்தால் போர்டைக் காப்பாற்றத்தான் பவர் ஜாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு டையோடு வைக்கிறார்கள், பெரும்பாலும் 1என்4001. அது முழுக் கரண்ட்டையும் தன் மேல் வாங்கி, கடைசியில் தானே ஷார்ட் ஆகிவிடும். அதற்குப் பிறகு சரியான அடாப்டர் போட்டாலும் எல்.இ.டி. எரியாது. இங்கே நடந்ததும் அதுவே. ஷார்ட் ஆன டையோடைக் கழற்றி, ஓரிரு ரூபாய் பெறும் புதியதை வெள்ளைக் கோடு பாசிடிவ் பக்கம் இருக்கும்படி சால்டர் வைத்தார்கள். பெடலுக்கு உயிர் வந்துவிட்டது. ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் 2,500 ரூபாய் எதற்குக் கேட்டார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

பெடல் ஓடத் தொடங்கிய பிறகுதான் பெரிய ஏமாற்று தெரிந்தது. போர்டின் நடுவில் 16 கால் ஐசி ஒன்று இருந்தது. மேலே இருந்த எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஆனால் 1ஆம் காலில் 5 வோல்ட், 2ஆம் காலில் அதில் பாதி, 3, 4 கிரவுண்ட், 6ஆம் காலிலிருந்து கம்பி டைம் நாப்புக்கு (எக்கோ நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) போகிறது. பக்கத்தில் 78எல்05 ரெகுலேட்டர். இந்த அடையாளம் எல்லாம் பி.டி.2399க்கு உரியது. தைவான் பிரின்ஸ்டன் டெக்னாலஜி தயாரித்த எக்கோ ஐசி, கரோக்கே மைக் செட்டுகளில் பார்த்திருப்பீர்கள். ஒலியை பிட்டாக மாற்றி 44 கிலோபிட் மெமரியில் போட்டு எடுக்கிறது. அதாவது டிஜிட்டல்.

உண்மையான அனலாக் டிலேயில் ஒலி பிட்டாக மாறாது, பி.பி.டி. (பக்கெட் பிரிகேட் டிவைஸ்) ஐசி இருக்கும். சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றி விடுவது போல, ஒரு கெப்பாசிட்டரில் இருந்து அடுத்ததற்கு சிக்னல் கைமாறிப் போகும். எம்.என்.3005, எம்.என்.3205 இரண்டிலும் 4096 கட்டங்கள். எம்.என்.3208இல் 2048. கூடவே கிளாக் (ஒவ்வொரு கைமாற்றலையும் நடத்தும் துடிப்பு) கொடுக்க எம்.என்.3101 அல்லது 3102 மாதிரி ஒரு 8 கால் ஐசி இருக்கும். இதே எண்களோடு வேறு எழுத்தில் தொடங்கும் மறுதயாரிப்புகளும் உண்டு, அவை ஏமாற்று அல்ல. கட்ட எண்ணிக்கையை கிளாக் வேகத்தின் இருமடங்கால் வகுத்தால் டிலே நேரம். 4096 கட்டத்தில் 300 மில்லிசெகண்ட் வேண்டுமென்றால் கிளாக் சுமார் 6.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அந்தக் கிளாக் சத்தம் காதில் விழாமல் இருக்க ஃபில்டர் போட்டு மேல் ஒலியை வெட்டுகிறார்கள். அனலாக் எக்கோ மங்கலாக, இதமாகக் கேட்பதன் காரணம் இதுதான். 600 எட்ட ஒன்றுக்கு மேற்பட்ட ஐசி வேண்டும், விலையும் ஏறும்.

காதால் கேட்டுக் கண்டுபிடிக்கலாமே என்றால், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். பி.டி.2399 பெடலிலும் ஃபில்டர் போட்டு எக்கோவை மங்கலாக்கிவிடலாம். எக்கோ ஓடும்போது டைம் நாப்பைத் திருகினால் சுருதி வழுக்கும், அது இரண்டிலும் நடக்கும். “பாருங்க, அனலாக்னாதான் இப்படி வழுக்கும்” என்று கடையில் செய்து காட்டினால் நம்ப வேண்டாம்.

நேரத்தை அளப்பதுதான் சுலபம், செல்போன் போதும். மெட்ரோனோம் (தாளம் தட்டும்) ஆப்பை 100 பி.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்தால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் 600 மில்லிசெகண்ட். டைம் நாப் முழுக்கக் கூட்டி, ஃபீட்பேக்கை (எக்கோ எத்தனை முறை திரும்ப வரும் என்பதை) குறைத்து, ஒரு தட்டோடு சேர்த்து ஒரே ஒரு முறை மீட்டுங்கள். 600 பெடல் என்றால் முதல் எக்கோ அடுத்த தட்டின் மேலேயே விழ வேண்டும். இந்தப் பெடலில் பாதி வழியிலேயே வந்துவிட்டது. 180 பி.பி.எம்.முக்கு மாற்றியதும் அச்சாகப் பொருந்தியது, அதாவது 333 மில்லிசெகண்ட் அளவு. பி.டி.2399 டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) அட்டவணையும் சுமார் 340இல் முடிகிறது. அதற்கு மேலும் இழுக்க முடியும், ஆனால் இரைச்சலும் பிசிறும் எக்கோவோடு சேர்ந்து வரும்.

பையனுக்கு இது வெறும் எண் கணக்கு இல்லை. 100 பி.பி.எம். பாட்டில் முக்கால் தட்டு எக்கோ வைக்க 450 வேண்டும். 333இல் அது வரவே வராது.

இன்னொரு கோளாறும் இந்த ஐசிக்கு உண்டு. பவர் போடும் நேரத்தில் 6ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மின்தடை மிகக் குறைவாக இருந்தால் ஐசி பூட்டிக்கொள்ளும், எக்கோ வராது. டைம் நாப்பை முழுக்கக் குறைத்து வைத்து பவர் போட்டுப் பாருங்கள். நேர்மையாகக் கட்டிய பெடலில் நாப்போடு தொடராக ஒன்றிரண்டு கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும், பிரச்சினை வராது. இதில் அதையும் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது ஆம்பின் ரிவெர்ப்பை (பெரிய மண்டபத்தில் கேட்பது போன்ற முழக்கம்) முதலில் அணையுங்கள். ரிவெர்ப் ஓடினால் குட்டை எக்கோவும் நீளமாகத்தான் கேட்கும். டிரூ பைபாஸ், அதாவது ஆஃப் செய்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகும் என்று சொன்னால் பெடலை ஆஃப் செய்து அடாப்டரையும் உருவிவிட்டு மீட்டுங்கள். ஸ்விட்ச் வழியாகக் கம்பி நேராகப் போனால் கிட்டார் கேட்கும். பஃபர் பைபாஸ் (ஆஃபிலும் சிக்னல் பவர் வேண்டிய ஒரு சர்க்யூட் வழியாகப் போவது) என்றால் கேட்காது. பஃபர் குறை இல்லை, நீளக் கேபிளுக்கு நல்லதே. ஆனால் சொன்னது ஒன்று, இருப்பது ஒன்று என்றால் மற்ற பேச்சும் அப்படித்தான் இருக்கும். காசு கொடுக்கும் முன் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். “வாரண்டி போயிரும்” என்று மறுத்தால், பில்லில் 'பி.பி.டி. அனலாக், 600' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பி.டி.2399 மட்டமான ஐசி கிடையாது. 2,500 ரூபாய்க்குள் கிடைக்கிற சின்னப் பெடலில் தாராளமாக வாங்கலாம். நீள எக்கோ வேண்டுமென்றால் டேப் டெம்போ (காலால் தட்டி எக்கோ வேகம் வைக்கும் வசதி) உள்ள டிஜிட்டல் பெடலே உத்தமம், மேடையில் டிரம்மர் வேகம் மாற்றினாலும் காலால் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும், டிஜிட்டலுக்குக் கரண்ட் அதிகம் வேண்டும். பாஸ் டிடி-8க்கு 65 மில்லிஆம்ப் போதும், ஸ்ட்ரைமன் டைம்லைனுக்கு 300 வேண்டும். ஒரே அடாப்டரில் ஐந்து பெடலைக் கோர்த்தால் 'ஙீ' என்று சன்னமான கிளாக் சத்தம் கலக்கும்.

பையனின் பில்லில் 'எலெக்ட்ரானிக் ஐட்டம் 1' என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. நல்லவேளையாக ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, பணமும் ஜிபேயில் போயிருக்கிறது. டப்பா, அடாப்டரின் மீட்டர் அளவு, திறந்த போர்டு, மெட்ரோனோமோடு எடுத்த வீடியோ எல்லாம் சேர்த்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதுவரை அந்த அடாப்டரின் பிளக்கைச் சுற்றி சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறது, யாரும் மறந்துபோய் வேறு பெடலில் சொருகிவிடாமல் இருக்க.