மூன்று சீல் மாற்றியும் நிற்காத ஒயில்: என் பெக்கோவும் நானும்

மண் வெட்டி அள்ளுகிற பெக்கோ மெசின் ஒன்று என்னிடம் இருக்கிறது. வவுனியாவில் இருக்கும் கூட்டாளி ஒருவன் போன கிழமை போன் எடுத்தான். "மச்சான், உன்ரை பெக்கோ மாதிரியே ஒன்று விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமோ?" என்றான். போனில் சொன்னது கொஞ்சம்தான், மிச்சம் இங்கே. குதிரைவலு, பக்கற் அளவு எல்லாம் தேடினால் கிடைக்கும். நான் எழுதப்போவது ஒயில் ஒழுக்கைப் பற்றி.

2017இல் பாவித்த மெசினாகத்தான் வாங்கினேன். அப்போது மீற்றரில் 6,400 மணித்தியாலம், இப்போது 11,000 தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கம் செம்மண்ணைக் கொஞ்சம் வழித்தால் கீழே சுண்ணக்கல். அத்திவாரம் வெட்டப் போனால் பாதி நாள் கல்லுடைக்கிற பிரேக்கர் பூட்டித்தான் வேலை. அந்த அடிக்கும் இந்த எஞ்சின் ஒருநாள் மூச்சு வாங்கியதில்லை. காலையில் அரைச் சுற்றில் பற்றும், டீசலும் அளவாகக் குடிக்கும். இவ்வளவும் உண்மை.

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மெசினை நாலு மாதம் வேம்புக்குக் கீழே விட்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. எஞ்சினும் கியர்பொக்சும் சேரும் இடத்தில் அடிப்பக்கம் ஒரு ஓட்டை உண்டு, அதால் கறுப்பு ஒயில் சொட்டத் தொடங்கியது. மனுசி விடிய எழும்பிக் கூட்டும் மணல் முற்றத்தில் தட்டளவு கறை. வெறும் மீன்ரின் ஒன்றைக் கீழே வைத்தேன். ஒரு இரவில் அரை ரின் நிரம்பியது.

கராஜில் பார்த்த அண்ணை குனிந்தவுடனேயே "பின் சீல் போயிட்டுது" என்றார். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் பின்னால் வெளியே வரும் இடத்தில் ஒயிலை மறிக்கிற வளையம் அது. கியர்பொக்சைப் பிரித்து, சீலை மாற்றி, திரும்பப் பூட்ட இரண்டு நாள். ஆறு கிழமையில் அதே ஓட்டை, அதே சொட்டு. "சாமான் சரியில்லை, ஒரிஜினல் எடுப்பம்" என்றார். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் சீல் வந்தது. அதுவும் மூன்று மாதம். மூன்றாம் தரம், கிராங்கில் பழைய சீல் உரசி வரி விழுந்திருக்கிறது, மேலே ஸ்லீவ் என்ற மெல்லிய உலோக உறை போடவேண்டும் என்றார். நகத்தால் தடவிப் பார்த்தேன், வரி இருந்தது. மனிசன் பொய் சொல்லவில்லை. ஸ்லீவும் போட்டோம். மீன்ரின் மட்டும் அதே இடத்தில்தான் இருந்தது.

இங்கே என் பிழையையும் சொல்லவேண்டும். பின்பக்கம் சொட்டுகிறது என்றவுடன் பின் சீலைத்தான் நானும் திட்டினேன். எஞ்சினின் மேல்மூடியான ரொக்கர் கவருக்குக் கீழே ஒயில் கசியாமல் வைக்கும் கஸ்கற்றின் பின்மூலை கசிந்தாலும் அதே வழியாகத்தான் ஒயில் இறங்கி வரும். எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, குழந்தைப் பவுடர் தூவி அரை மணித்தியாலம் ஓடவிட்டால், நனையும் இடங்களில் ஆக மேலே இருப்பது எது என்று தெரிந்துவிடும். இந்த வேலையை முதல் நாளே செய்திருக்கலாம். மூன்றாவது சீலுக்குக் காசு கொடுத்த பிறகுதான் செய்தேன்.

பவுடர் மூன்று இடத்தில் கறுத்தது: ரொக்கர் கவர், முன் சீல், பின் சீல். ஒயில் பார்க்கிற கம்பியும் இரண்டு விரல் மேலே எழும்பி நின்றது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்தனை இடம் ஒரேநேரத்தில் கெட்டுப்போகுமா? உள்ளே இருந்து ஏதோ தள்ளுகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

எந்த டீசல் எஞ்சினிலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டி ஒயில் இருக்கும் பக்கத்துக்கு வரும். அது வெளியே போகத்தான் பிறீதர் என்ற மூச்சுக்குழாய். சீல் என்பது தெறிக்கும் ஒயிலை மறிக்கிற உதடு. அமுக்கத்தை மறிக்க அதனால் ஏலாது. வாயு கூடினாலும் சரி, பிறீதர் அடைத்தாலும் சரி, ஆக இளகிய இடத்தால் ஒயிலைத் தள்ளும். புதுச் சீல் போட்டால் அதையும் தள்ளும்.

ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் திருப்பி வைத்து, அது துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். என்னுடையது திருத்த முன்னும் துள்ளியது, பின்னும் துள்ளியது. அதை நம்பவேண்டாம். நான் செய்தது வேறு. மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிந்த ரியூப்பை இரவல் வாங்கினேன். பழைய மூடி ஒன்றில் துளை போட்டு, ரியூப்பின் ஒரு முனையைக் காற்றுப் போகாமல் ஒட்டினேன். மற்றப் பக்கத்தை ஆங்கில யூ எழுத்துப்போல வளைத்துப் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் விட்டு, கண்ணுக்குத் தெரிய உடுப்புக்குப் போடும் நீலம் ஒரு சொட்டு. எஞ்சின் சூடானபிறகு முழுத் திறப்பில் வைத்து, பக்கற்றை அதன் எல்லைக்கு இழுத்துப் பிடித்துச் சுமை கொடுத்தேன். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையில் 34 சென்ரிமீற்றர் வித்தியாசம்! 10 சென்ரிமீற்றர் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோபஸ்கால். எவ்வளவு வரை போகலாம் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறு, அதை அந்தந்த சேவிஸ் புத்தகத்தில் பார்க்கவேண்டும்.

பிறீதர் குழாயைக் கழற்றினேன். 34 நேரே 4க்கு விழுந்தது.

குழாயின் மறுமுனை சட்டத்துக்குப் பின்னால், ஆளின் முகம் நுழையாத இடத்தில் தொங்குகிறது. இழுத்தெடுத்து ஈர்க்கை விட்டுக் குடைந்தால் உள்ளே குளவி கட்டிய மண்கூடு. நாலு மாதம் சும்மா நின்றபோது கட்டியிருக்கிறது. பிறகு ஒயில் ஆவியும் சுண்ணக்கல் தூசும் சேர்ந்து அதை இறுக்கி, ஈர்க்கு நுழையும் வழியை மட்டும் விட்டிருக்கிறது. மூன்று சீல், ஒரு ஸ்லீவ், ஆறு நாள் கூலி, போன வாடகை எல்லாம் ஒரு குளவிக்கு! அந்த முனையை மெசின் கட்டியவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? புத்தகத்திலும் அதற்கு ஒரே ஒரு வரிதான்.

எல்லாருக்கும் குளவியாக இருக்காது. பிறீதரைக் கழற்றியும் தண்ணீர் இறங்காவிட்டால் ரிங், சிலிண்டர் பக்கம் போகவேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி விடுகிற டர்போவையும் பார்க்காமல் விடக்கூடாது. அதன் சீல் தேய்ந்தால், டர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாய் வழியாகவே அமுக்கம் உள்ளே வரும். எயார் பில்டரைக் காற்றடித்து அடித்துத் திரும்பப் போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. இந்தத் தூசில் அது ரிங்குக்கு நஞ்சு, விட்டுவிட்டேன்.

இப்போது ஐந்து மாதம். மீன்ரின்னில் வேப்பஞ்சருகு மட்டும்தான் கிடக்கிறது.

சரி, கூட்டாளிக்கு என் பதில். இந்த விலைக்கு இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியாது. ஆனால் வாங்காதே மச்சான். அந்தக் குழாயை நினைத்தால் இன்றைக்கும் வயிறெரிகிறது. இன்னொருவன் அதற்குள் குனிவதற்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். என்னுடையதை விலைக்குக் கேட்காதே, அது விற்பனைக்கு இல்லை.