சேன்-பெனுவா மேட்டு வீட்டில் சாப்பாடும் மலோயாவும்: மூன்று வெள்ளிக்கிழமைகள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 45 யூரோ. அதில் சாப்பாடு, ஒரு சின்னக் கிளாஸ் ரம், அப்புறம் ஒரு பாடகரோடு பேச்சும் பாட்டும். மாலை ஆறரைக்கு ஆரம்பம். பத்தரைக்கு முடியும் என்பார்கள், முடியாது. 14 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பதிவு தொலைபேசியில் மட்டும்தான். கார்டு வாங்க மாட்டார்கள், ரொக்கமோ செக்கோ கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு மேசையிலேயே வெளியாட்களை உட்கார வைத்துச் சோறு போடுவதை, இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுத் தீவான இந்த ரியூனியனில் தாப்ல்-தோத் என்பார்கள். தீவு முழுக்க அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. சாப்பிட்டு முடித்ததும், தீவின் நாட்டார் இசையான மலோயாவைப் பாடுகிற ஒருவரை நடுவில் உட்கார்த்தி, அவர் வாழ்க்கையைப் பேச வைத்து, பேச்சின் இடையே பாட வைக்கிற வீடு நான் பார்த்த அளவில் இது ஒன்றுதான். பெயர் போட வேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா கேட்டுக்கொண்டார். வருகிற கூட்டத்துக்கே அவரிடம் பெஞ்சு போதவில்லை. எல்லோரும் அவரைத் தந்தின் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அத்தைக்கும் சித்திக்கும் அந்த ஒரே சொல்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் காரைக்கால்காரி. இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. சேன்-ஆந்த்ரேயில் மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். மலோயாவை நான் வெகுநாள் சரியாகக் கேட்டதே இல்லை. மேற்குக் கரையில் ஒரு ஓட்டலில் சுற்றுலாக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பூப்பாவாடை கட்டிய பெண்கள் 20 நிமிடம் ஆடிவிட்டுப் போனார்கள். பாடியவர் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. இதுதான் மலோயா என்று நினைத்துக்கொண்டே பல வருடம் ஓட்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

என்னிடம் எழுத்துப் படிக்கிற 71 வயது அம்மா ஒருவர்தான் என்னை இங்கே அழைத்துப்போனார். தமிழ்க் குடும்பத்தில் வந்தவர், அப்படி வந்தவர்களை இங்கே மல்பார் என்பார்கள். தமிழ் பேசத் தெரியாது. என்னை "மதாம்" என்பார், நான் "அம்மா" என்பேன். "மதாம், நீங்கள் எனக்கு க, ங சொல்லித்தருகிறீர்கள். நான் உங்களுக்கு எங்கள் பாட்டைக் காட்டுகிறேன்" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நன்றாக இருக்கிறது. விறகடுப்புச் சமையல். சோறு, சிலாவோஸ் பயறு, தக்காளி ருகாய் என்ற காரத் துவையல், ஆட்டுக்கறி மசாலே. வெள்ளிக்கிழமை என்பதால் கறி சாப்பிடாத மல்பார்கள் வருவார்கள் என்று தந்தினுக்குத் தெரியும். அவர்களுக்குக் கறி படாத தனிப் பானையில் முருங்கைக்கீரையும் சௌசௌக் குழம்பும் வைத்து வாழை இலையில் போடுகிறார். கறிவேப்பிலையை "கலூப்பிலே", கொத்தமல்லியை "கொத்தொமிலி" என்று அவர் சொன்னபோது என் தட்டைப் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே குறை, கீரையில் உப்பு குறைவு, மூன்று முறையும் அப்படித்தான்.

சரி, பேச்சுக்கு வருகிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நகராட்சியில் கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு அவரே எழுதுகிறார், அவர் குடும்பம் கூடப் பாடுகிறது. தந்தின் அவரிடம் முதல் பாட்டு எது, யார் உங்கள் குரு என்றெல்லாம் கேட்கவில்லை. "அந்தப் பாட்டு வந்த அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள்?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "அன்றைக்கு ஒன்றும் சமைக்கவில்லை. வேலைநிறுத்தம்" என்றார். அதிலிருந்து அரைமணி நேரம் பேச்சு தானாக ஓடியது. அவருடைய அப்பா சேன்-பெனுவாவில் இருந்த போஃபோன் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். மலோயாவின் பெரிய குரல்களில் ஒருவரான கிரமூன் லேலேவும் அதே ஆலைத் தொழிலாளிதான். கிரமூன் என்றால் பெரியவர். 2004இல் இறந்தார். அந்த ஆலையும் மூடிவிட்டது. இன்று தீவில் ஓடுவது புவா-ரூழும் கோலும், இரண்டே ஆலை. கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கினால் டிசம்பர்வரை போகும். அந்த மாதங்களில் அப்பா வீட்டுக்கு வரும்போது உடம்பெல்லாம் பாகு வாசனை என்றும், அந்த வாசனைக்கு இன்னும் தனக்குப் பாட்டு அமையவில்லை என்றும் சொன்னார்.

பாட்டு எழுதும் விதத்தை அவர் சொன்னது எனக்கு அப்படியே மனதில் நிற்கிறது. அவரிடம் கிட்டார் கிடையாது. காயாம்பைக் கையில் எடுத்துக்கொள்வார். கரும்புப் பூத்தண்டுகளை நெருக்கமாக அடுக்கிக் கட்டி, இரு தட்டைகளுக்கு நடுவே விதை போட்டு மூடிய பெட்டி அது. விதை நம்மூர்க் கல்வாழை விதை. அந்தச் செடியை இங்கே "காட்டு மஞ்சள்" என்று பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். காட்டு என்பதற்கு அவர்கள் சொல்வது "மரோன்". தோட்டத்தை விட்டு மலைக்கு ஓடிப்போன அடிமைகளுக்கும் அதே சொல்தான். பெட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து இடவலமாக ஆட்டினால் விதை சரிந்து விழுகிற ஓசை மூன்று மூன்றாக வரும். வரி அந்த மூன்றுக்குள் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். வீட்டாரிடம் பாடிக் காட்டுவார். மலோயாவில் ஒருவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். "வாங்கிப் பாடுகிறவர்களுக்கு மூச்சு முட்டினால் வரி நீளம். அவர்கள் சிரித்தால் வரி பொய். இரண்டும் இல்லை என்றால் பாட்டு வைத்துக்கொள்ளலாம்" என்றார். எங்கள் ஊரில் நடவு நடும் பெண்கள் பாட்டை வாங்கிப் பாடுவது நினைவுக்கு வந்தது. அங்கே மூச்சுக்கு அளவுகோல் குனிந்த முதுகு.

அவர் பாடியபோது மகன் ரூலேரின் மேல் கால்போட்டு உட்கார்ந்து இரு கையாலும் தட்டினார். பீப்பாயில் மாட்டுத்தோல் கட்டிய பெரிய மேளம் அது. ஒலிபெருக்கி கிடையாது. 14 பேர் இருக்கிற கூடத்தில் அது நெஞ்சில் இடிக்கிறது. முதலில் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பாட்டைக் கேட்பதால், ஒரு வரியில் "காலிப் பானை" என்று வந்தபோது கூடத்தில் எல்லோருக்கும் அது எந்தப் பானை என்று தெரிந்திருந்தது. இதற்காகத்தான் நான் 45 யூரோ கொடுக்கத் தயார். மேடைக் கச்சேரியில் இது கிடைக்காது.

மலோயாவின் பழைய கஷ்டங்களையும் தந்தின் பேச்சில் கொண்டுவந்தார். அடிமைகள், அப்புறம் ஒப்பந்தக் கூலிகள், கரும்புத் தோட்டத்தில் பாடியது இது. அடிமைமுறை 1848 டிசம்பர் 20இல் ஒழிந்தது. 1960, 70களில் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு இந்த இசை ஆகவில்லை. கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்கள்தான் மேடை கொடுத்தன. 1976இல் மலோயாப் பாடகர் ஃபிர்மேன் விரியின் பாட்டுகளைக் கட்சியே இசைத்தட்டாகப் போட்டது. விரி பாடக் கேட்டுத்தான் இன்னொரு பாடகரான தானியேல் வாரோ இதற்குள் வந்தார். அவர் ஏழை வெள்ளைக்கார விவசாயி மகன், கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுத்துச் சிறைக்குப் போனவர். யுனெஸ்கோ பட்டியலில் மலோயா சேர்ந்தது 2009இல். "பட்டியலில் சேர்ந்த அன்றைக்கு எங்கள் அம்மா, அப்படியானால் இனி சத்தமாகப் பாடலாமா என்று கேட்டார்" என்றார் பாடகர். அவர் அம்மாவுக்கு அப்போது எண்பது வயது.

நடுவில் அவர், "என் தாத்தா வார்த்தியால்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாத்தியார்தான் இங்கே வார்த்தியால் ஆகியிருக்கிறது. மல்பார்கள் இரவு முழுக்க ஆடிய கூத்துக்கு நார்ல்கோன் என்று பெயர், நாடகம்தான் அது. வார்த்தியால் புத்தகத்தைப் பார்த்துப் பாட்டெடுப்பார், ஆடுகிறவர்கள் வாங்குவார்கள். மத்தளம் இங்கே மத்தலோன், தாளம் தார்லோன். தாத்தா படித்த புத்தகம் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் படிக்க வராது என்றார் அவர். என் பக்கத்தில் இருந்த அம்மா என்னைக் கேட்காமலே கையைத் தூக்கி, "இந்த மதாம் படிப்பார்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை பாட வந்தவர் 28 வயதுப் பெண். பிரான்சில் மோன்பெலியே நகரில் படித்துவிட்டுத் திரும்பியவர். கிட்டாரோடும், தன் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும் ஒரு கருவியோடும் தனியாகப் பாடுகிறார். அந்தக் கருவி எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிப் பாட ஆளிருக்கும் இசையில் ஒருவர் தனக்குத்தானே வாங்கிப் பாடுவது மனதுக்கு ஒட்டவில்லை. பேச்சு பிடித்தது. கிரியோலை எப்படி எழுதுவது என்பதற்கு 1977இல் ஒரு முறை, 1983இல் ஒன்று, 2001இல் ஒன்று என்று வந்திருக்கின்றன. பிரெஞ்சு எழுத்துப் பழக்கத்தை விட்டு கே (k) என்ற எழுத்தோடு எழுதினால் தன் அம்மாவுக்குப் படிக்க வராது, பிரெஞ்சு மாதிரி எழுதினால் பாட்டு தன்னுடையதாகத் தெரியவில்லை என்றார். அதனால் பாட்டுகளைப் போனில் குரலாகவே வைத்திருக்கிறாராம். தந்தின் அந்த இடத்தில் அடுத்த கேள்விக்குப் போகாமல் பேசாமல் இருந்தார். அவரிடம் நான் மெச்சுவது அந்த நிதானத்தைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே, அம்மாவிடமிருந்து வந்த ஒரு குரல் செய்தியைப் பாட்டாக்கிய கதையைச் சொன்னார்.

அன்று கொத்தனார்ப் பாடகர் விருந்தாளியாக வந்திருந்தார், கையில் துணிப்பொட்டலம். எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தார். அட்டை போன அச்சுப் புத்தகம், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. முதல் பக்கத்தில் "காப்பு" என்று போட்டு ஒரு கணபதி விருத்தம். நான் படிக்கவில்லை. அம்மாவின் பக்கம் தள்ளினேன். அவர் விரலை வைத்து க, ண, ப என்று நகர்ந்தார், "தி"யில் நின்று என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதன் பிறகு முழு விருத்தத்தையும் நான் ராகம் போட்டுச் சொன்னேன். பாடகர் மேசையில் விரலால் மூன்று மூன்றாகத் தட்டிப் பார்த்தார், உட்காரவில்லை. விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, அப்படியே நீட்டிப் பாடுவது என்றேன். அவர் விரலை நிறுத்தினார். "அதனால்தான் தாத்தா இதைப் பாடும்போது மத்தலோன்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் அவருக்குத் தூக்கம் என்று நினைத்தேன்" என்றார்.

மூன்றாம் வெள்ளிக்கிழமையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வர வேண்டிய குழு ஒன்றேகால் மணி நேரம் தாமதம். வந்தபின் நேராகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள், பேச்சு இல்லை. மழை வேறு. தகரக் கூரையில் கிழக்குக் கரை மழை விழுந்தால் ரூலேரே கேட்காது, குரல் எங்கே கேட்கப்போகிறது. கிளம்பும்போது தந்தின் வாசலில் நின்று ஆளுக்கு 10 யூரோ திருப்பிக் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பேச்சு முழுக்கக் கிரியோலில். தந்தின் பிரெஞ்சில் சுருக்கம் சொல்வார், ஆனால் கதை சூடு பிடித்தால் மறந்துவிடுவார். பிரெஞ்சே தெரியாதவர்கள் துணைக்கு மொழி தெரிந்த ஒரு ஆளை அழைத்துப் போங்கள். பெஞ்சுகளுக்கு முதுகுச்சாய்வு இல்லை, நாலு மணி நேரம் வயதானவர்களுக்குக் கஷ்டம். நான் இதைத் தந்தினிடம் நேரிலும் சொன்னேன், பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் ரூலேர்ச் சத்தத்துக்கு நடுங்கும் என்றார். இரண்டு நாற்காலியாவது போடலாம். திரும்பும் நேரத்தில் பஸ் கிடையாது, கார் இல்லாமல் போக முடியாது. போனில் படம் பிடிக்க விட மாட்டார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது, இரண்டாம் முறை நிம்மதியாக இருந்தது. ஜனவரி முதல் மார்ச்வரை மழைக்காலத்தில் போகாதீர்கள். குழுவாக வருபவர்களைவிடத் தனியாகவோ குடும்பமாகவோ வரும் பாடகர் என்றால் போங்கள், பதியும்போதே கேட்டால் சொல்வார்கள்.

அக்டோபரில் கொத்தனார்ப் பாடகருக்கு மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை. புத்தகத்தை அதுவரை என்னிடமே கொடுத்திருக்கிறார், பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா 12ஆம் பக்கம்வரை எழுத்துக்கூட்டிவிட்டார். மூன்று இடம் பதிந்துவிட்டேன், எனக்கு, அம்மாவுக்கு, அவர் பேத்திக்கு. முதுகுக்கு இரண்டு தலையணை எடுத்துப்போகிறோம்.